பிறேக் லைனிங் வாங்க முன் டிறம்மைத் திறந்து பாருங்கள்

சென்ற காலபோக அறுவடையின்போது எமது பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் லாண்ட்மாஸ்ரர், குளக்கட்டிலிருந்து இறங்கும் வழியில் கவிழ்ந்தது. சொந்தக் காணிக்கு இன்னமும் திரும்ப முடியாமல், குத்தகைக் காணியில் விதைத்துச் சீவிக்கிற குடும்பம். பெட்டியில் பதினெட்டு மூடை நெல், அதற்கு மேல் மூன்று பிள்ளைகள். தகப்பன் பெட்டியின் பிறேக்கை மிதித்தார். மிதி அடிவரை போனது, பெட்டி நிற்கவில்லை. பின்னாலிருந்த பாரம் மிசினைத் தள்ளியது. நேரே விட்டால் வாய்க்காலுக்குள் போய்விடும் என்று கண்டு மிசினைக் கட்டின் பக்கம் திருப்பினார். பெட்டி சரிந்தது. இரண்டு பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள். மூன்றாவது பிள்ளையின் கால் மூடைகளுக்குள் அகப்பட்டு முறிந்தது.

அன்று பின்னேரம் ஆசுபத்திரி வாசலில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். "மலிவு லைனிங் போட்டதாலைதான் பாதர் இப்பிடி." நானும் அப்படியே நம்பினேன். ஆனால் அடுத்த நாள் கராஜில் சில்லைக் கழற்றி டிறம்மைத் திறந்தபோது உள்ளே கண்டது வேறு. லைனிங் நாலு மாதத்துக்கு முன் போட்டது. பெரிதாகத் தேயவும் இல்லை. ஆனால் முழுவதும் கறுத்து, விரலை வைத்தால் வழுக்கும்படி கிறீஸில் ஊறிப்போயிருந்தது. சில்லின் பெயாரிங்குக்குப் பின்னால் இருக்கும் ஒயில் சீல் வெடித்து, கிறீஸ் டிறம்முக்குள் இறங்கியிருந்தது. அந்த நிலையில் உலகத்திலேயே விலை கூடிய லைனிங்கைப் போட்டிருந்தாலும் பெட்டி நின்றிராது.

இதில் என் பங்கும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. எமது சுழற்சிக் கடன் திட்டத்திலிருந்துதான் அந்தத் திருத்த வேலைக்குக் காசு கொடுத்தோம். மெக்கானிக் எழுதித் தந்த மதிப்பீட்டில் லைனிங்கோடு இரண்டு ஒயில் சீலும் இருந்தன. "பிறேக்குக்கு லைனிங் காணும்தானே, சீல் பிறகு பார்ப்போம்" என்று அந்த வரியை வெட்டியவன் நான்தான். மிச்சம் பிடித்தது சில நூறு ரூபா.

ஆகவே இம்முறை இந்தப் பக்கங்களில் விதைநெல்லையும் பசளையையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறேக்கைப் பற்றி எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை பெரும்பாலும் மூடியே கிடந்தது. 2022 நெருக்கடியில் உதிரிப்பாகங்களின் விலை எங்கோ போய்விட்டது. 2009இல் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள், பிறகு மூன்றாம் கை நாலாம் கையாக வாங்கிய மிசின்களைத்தான் இன்று ஓட்டுகிறார்கள். புதிது வாங்க வசதி இல்லாதவனுக்குப் பழையதை ஒழுங்காகத் திருத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறேக் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் மிதியை மிதித்தவுடன் ஒரு கம்பி இழுபட்டு, சில்லுக்குள் இருக்கும் 'காம்' என்ற சிறு இரும்புத் துண்டைத் திருப்புகிறது. அது அரைவட்டமான இரண்டு சூக்களை விரித்து, அவற்றின் மேல் ஒட்டியோ றிவெற் அடித்தோ இருக்கும் லைனிங்கைச் சுழலும் டிறம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. உரசல் உண்டாகிறது, சூடு பிறக்கிறது, சில்லு நிற்கிறது.

எவ்வளவு சூடு என்பதுதான் நாம் நினைத்துப் பார்க்காத விடயம். பாரம் இரட்டித்தால் சூடும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். இறக்கத்தில் கணக்கு இன்னும் மோசம். ஐந்து மீற்றர் உயரமான கட்டிலிருந்து பாரத்தோடு பிறேக்கில் மட்டும் இறங்கும் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டமான வீதியில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வரும் அதே பெட்டியை ஐந்தாறு தரம் முற்றாக நிறுத்தினால் எவ்வளவு சூடு வருமோ, ஏறத்தாழ அவ்வளவும் அந்தச் சிறு இறக்கத்தில் அதன் லைனிங்கில் ஏறுகிறது. அதனால்தான் வயல் ஒழுங்கையில் நன்றாகப் பிடிக்கிற பிறேக், குளக்கட்டில் கைவிடுகிறது. கட்டில் ஏற முன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றி, இறங்கும்போது இயந்திரத்தின் இழுவையே பெட்டியைத் தாங்கும்படி விடுங்கள். நடுவழியில் கிளச்சைப் பிடிக்காதீர்கள். இன்னொன்று, பழகியவர்களுக்குத் தெரியும், புதிதாக ஓட்டுகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்: பாரம் பின்னால் தள்ளும் இறக்கத்தில் இடது கைப்பிடியின் திருப்பும் கிளச்சை அழுத்தினால் மிசின் இடப்பக்கம் திரும்பாது, வலப்பக்கம் திரும்பும்.

இனி லைனிங் வாங்கும் விடயத்துக்கு வருவோம். கடைக்குப் போக முன் சில்லைக் கழற்றுங்கள். பழைய லைனிங் எதனால் செத்தது என்பதை அதன் முகத்திலேயே வாசிக்கலாம்.

கறுத்து ஈரமாக இருந்தால் கிறீஸ் அல்லது ஒயில் இறங்கியிருக்கிறது. சீலை மாற்றாமல் லைனிங் வாங்குவது, ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் அள்ளுவதுதான். பெயாரிங்குக்கு கிறீஸ் வைக்கும்போது சில்லின் குடத்தை முழுவதும் நிரப்பி அடைப்பவர்கள் இருக்கிறார்கள். "கூட வைச்சால் கூட நாள் நிக்கும்" என்பது அவர்கள் எண்ணம். கூடின கிறீஸ் சூட்டில் இளகி, வழி கிடைத்த பக்கம் போகும். அந்த வழி பெரும்பாலும் டிறம்முக்குத்தான். ஊறிய லைனிங்கைப் பெற்றோலில் கழுவி, நெருப்பில் வாட்டித் திரும்பப் போடுகிற பழக்கமும் எங்களிடம் உண்டு. மேற்பரப்பு காய்ந்தது போலத் தெரியும். இரண்டு இறக்கம் இறங்கிச் சூடேறியதும் உள்ளே ஊறியிருந்த எண்ணெய் மறுபடி மேலே கசியும். அப்படியான லைனிங்கை எறிந்துவிடுங்கள். இந்த ஒரு விடயத்தில் சிக்கனம் பார்க்க இடமில்லை.

கண்ணாடி போல மினுங்கிக் கடினமாக இருந்தால், லைனிங் அளவுக்கு மிஞ்சிச் சூடாகியிருக்கிறது. ஒன்றில் பிறேக்கில் காலை வைத்தபடியே ஓட்டியிருக்கிறீர்கள், அல்லது கம்பியை இறுக்கமாக வைத்ததால் மிதிக்காத நேரத்திலும் சூ உரசியிருக்கிறது. திருப்பி இழுக்கும் ஸ்பிறிங் சோர்ந்திருந்தாலும் இதுவே நடக்கும். லைனிங் இன்னும் தடிப்பாக இருந்தால், ஈரத்துணியால் தூசைத் துடைத்துவிட்டு, சான்ட் பேப்பரை நனைத்து மேல்தோலை உரசிக் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். புதிது தேவையில்லை. காசு மிச்சம்.

ஒரு சில்லில் தேய்ந்து மற்றச் சில்லில் புதிதுபோல இருந்தால் கம்பிகளின் நீளம் சமமில்லை, அல்லது ஒரு பக்கக் காம் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. ஒரு சில்லு மட்டும் எல்லாப் பாரத்தையும் பிடிக்கிறது. பெட்டி ஒரு பக்கம் இழுப்பதும் இதனால்தான். இரண்டையும் சமப்படுத்திவிட்டு, லைனிங் மாற்றுவதாயின் இரண்டு சில்லுக்கும் ஒரே நேரத்தில், ஒரே வகையாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் வாங்கினால் அரைவாசிக் காசு என்று எண்ண வேண்டாம்.

டிறம்மின் உட்சுவரையும் நகத்தால் தடவிப் பாருங்கள். உழுத தரை போலக் கோடு கோடாக இருந்தால் மணல் புகுந்திருக்கிறது, அல்லது லைனிங் தேய்ந்து றிவெற் தலை இரும்பில் உரசியிருக்கிறது. ஆழமான கோடுள்ள டிறம் புதிய லைனிங்கைச் சில மாதத்திலேயே தின்றுவிடும். லேத்தில் கடைந்து சரிப்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு முறை கடையும்போதும் டிறம் மெலிந்து அகலும், அதற்கு எல்லையுண்டு. பல டிறம்களில் அந்த எல்லை உள்ளேயே வார்த்து எழுதப்பட்டிருக்கும். உதாரணமாக 110 மில்லிமீற்றர் டிறம் உள்ள பல மோட்டார் சைக்கிள்களில் 111 மில்லிமீற்றர்தான் எல்லை. இடையில் இருப்பது ஒரேயொரு மில்லிமீற்றர்.

இவை ஒன்றுமில்லாமல், லைனிங் ஒரே சீராக மெலிந்து போயிருந்தால் அது வயது முடிந்து செத்த லைனிங். றிவெற் அடித்ததில் றிவெற் தலைக்கு மேல் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாவிட்டால், ஒட்டியதில் மொத்தத் தடிப்பு 2 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால், மாற்றவேண்டிய நேரம். இப்போதுதான் கடைக்குப் போகலாம்.

போகும்போது பழைய சூவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மிசினின் பெயரைச் சொல்லி வாங்குவது லாண்ட்மாஸ்ரர் பெட்டிக்குச் சரிவராது. பெட்டிகள் பல இடங்களில் உள்ளூரிலே செய்யப்பட்டவை. சிலவற்றில் பழைய வாகனங்களின் அச்சும் டிறம்மும் பொருத்தப்பட்டிருக்கும். அகலம், வளைவு, காம் முட்டும் இடத்தின் தடிப்பு, மறு முனையில் ஊசி பொருந்தும் பள்ளம், ஸ்பிறிங் கொழுவும் துவாரம் ஆகியவற்றைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒத்துப்பாருங்கள். "கொஞ்சம் அராவினால் சரிவரும்" என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள்.

சூவின் இரும்பு நல்லதாக இருந்தால் புதுச் சூ வாங்கவே தேவையில்லை. லைனிங்கை மட்டும் மாற்றி றிவெற் அடித்துக்கொள்ளலாம். எங்கள் நிலைமைக்கு இதுதான் பெரும்பாலும் மலிவான நல்ல வழி. அடிக்கும்போது இரண்டு விடயம் பாருங்கள். லைனிங் சூவோடு இடைவெளி இல்லாமல் படிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் நல்ல மெக்கானிக் நடுவிலிருந்து தொடங்கி இரு முனையையும் நோக்கி அடித்துக்கொண்டு போவார். றிவெற் தலைகள் லைனிங்கின் மேற்பரப்புக்கு நன்றாகக் கீழே அமர்ந்திருக்க வேண்டும். றிவெற் செம்பு, பித்தளை, அலுமினியம் போன்ற மெதுவான உலோகமாக இருக்கட்டும். இரும்பு ஆணியை வளைத்து அடித்திருந்ததை நானே கண்டிருக்கிறேன். டிறம்மை உழுவதற்கு அதைவிட நல்ல கலப்பை கிடையாது.

லைனிங்கின் பொருளைப் பற்றிச் சொல்வதாயின், நார்களையும் தூள்களையும் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த மெதுவான வகைதான் மலிவு. சத்தம் இல்லாமல் பிடிக்கும், டிறம்மையும் தின்னாது. ஆனால் சேற்றிலும் மணலிலும் விரைவாகத் தேயும், கடும் சூட்டில் பிடி தளரும். உலோகத் தூள் கலந்த வகை சூட்டைத் தாங்கும், கனகாலம் நிற்கும். விலை கூட, டிறம்மையும் டிஸ்கையும் கூடத் தேய்க்கும். வயலும் ஒழுங்கையுமாக மெதுவாக ஓடும் பெட்டிக்கு முதலாவது வகையே போதும் என்பது என் கருத்து. இறக்கத்தில் இயந்திரத்தால் தாங்கி இறங்குகிறவருக்கு விலை கூடிய லைனிங் வீண் செலவு. பிறேக்கில் மட்டும் நம்பி இறங்குகிறவரை எந்த லைனிங்கும் காப்பாற்றாது.

சில லைனிங்குகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் அச்சிடப்பட்டிருக்கும்: 'ஈ ஈ', 'எஃப் எஃப்', 'ஜி ஜி' என்பது போல. முதல் எழுத்து சாதாரண நிலையில் உள்ள பிடியையும், இரண்டாவது சூடேறிய பின் உள்ள பிடியையும் குறிக்கும். அகரவரிசையில் பின்னால் போகப் போகப் பிடி கூடும். முதல் எழுத்தை விட இரண்டாவது முந்திய எழுத்தாக இருந்தால், அது சூட்டில் தளர்கிற லைனிங் என்று கொள்ளலாம். ஆனால் எத்தனை நாள் உழைக்கும் என்பதை இந்த எழுத்துக்கள் சொல்லா. எழுத்தே இல்லாத லைனிங்கை வாங்கக்கூடாது என்றும் சொல்லமாட்டேன். நகத்தால் அழுத்திக் கீறினால் பொடியாக உதிர்கிறதா, ஓரத்தில் வெடிப்பு உண்டா, ஒட்டிய இடத்தில் பிளவு தெரிகிறதா என்று பாருங்கள். உண்டென்றால் திருப்பிக் கொடுங்கள். பெரிய கொம்பனியின் பெயர் போட்ட பெட்டிக்குள் போலிச் சாமானும் வருகிறது. பெயரில் எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, தொகுதி இலக்கம் இல்லாமை என்பன அதற்கு அடையாளம்.

விலையை எப்படி ஒப்பிடுவது? உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சோடி 800 ரூபாவுக்கு வாங்கி ஒரு போகத்தோடு முடிந்தால், வருடத்துக்கு இரண்டு போகம், 1,600 ரூபா. அதோடு இரண்டு முறை கழற்றிப் பூட்டுகிற கூலி. 1,400 ரூபாச் சோடி ஒரு வருடம் நின்றால் அதுதான் மலிவு. ஆனால் டிறம் கெட்டு, சீல் ஒழுகிக்கொண்டிருக்கும்போது இரண்டும் ஒரே காலத்தில்தான் சாகும். அப்போது 1,400 ரூபாச் சோடிதான் பெரிய நட்டம். ஆகவே கையில் கொஞ்சக் காசு மட்டும் இருந்தால் முதலில் சீல், அடுத்து ஸ்பிறிங், அதன் பிறகு லைனிங் என்ற ஒழுங்கில் செலவழியுங்கள். லைனிங்குக்குக் காசு சேரும்வரை பெட்டியில் பாரத்தைக் குறையுங்கள், கட்டுப் பாதையைத் தவிருங்கள், பிள்ளைகளை நடக்க விடுங்கள்.

நான் சிறுவனாக இருந்த 1990களில் பொருளாதாரத் தடை காரணமாக உதிரிப்பாகம் ஒன்றும் வடக்குக்கு வருவதில்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம். சைக்கிள் பிறேக் கட்டைக்குப் பதிலாக ரயர்த் துண்டை வெட்டி வைத்து ஓடினோம், ஓடக்கூடியதாகத்தான் இருந்தது. அந்தப் பழக்கத்தில் மோட்டார் சைக்கிள் சூவிலும் பெட்டிச் சூவிலும் றப்பரையோ தோலையோ ஒட்டிப் பார்க்க எண்ண வேண்டாம். சைக்கிளின் பாரம் வேறு, நெல் மூடையின் பாரம் வேறு. றப்பர் அந்தச் சூட்டில் இளகி வழுக்கும்.

மோட்டார் சைக்கிளுக்கும் மேலே சொன்னவை பெரும்பாலும் பொருந்தும். சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறவர்கள் பின் பிறேக்கில் ஓர் அம்புக்குறியைக் கவனியுங்கள். பல மோட்டார் சைக்கிள்களில், காமைத் திருப்பும் கைத்துண்டின் அடியில் அது இருக்கும். பிறேக்கை முழுவதும் மிதித்துப் பிடித்திருக்கும்போது அந்த அம்பு தட்டிலுள்ள கோட்டைத் தொட்டால் சூ முடிந்துவிட்டது. இந்த நேரத்தில் சிலர் கைத்துண்டைக் கழற்றி, ஒரு பல் பின்னுக்குத் தள்ளிப் பூட்டி, இன்னும் இரண்டு மாதம் ஓடுவார்கள். காம் அளவுக்கு மிஞ்சித் திரும்பினால் புரண்டு இறுகி, ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லைப் பூட்டிவிடக் கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முன் சில்லில் டிஸ்க் பிறேக் உள்ளவர்கள், பாட்ஸின் தடிப்பு 2 மில்லிமீற்றருக்கு இறங்க முன் இரண்டையும் சோடியாக மாற்றுங்கள். அதன் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியில் எழுதியுள்ள பிறேக் ஒயிலைத் தவிர வேறு எந்த எண்ணெயும் விடக்கூடாது; சாதாரண ஒயில் விட்டால் உள்ளேயுள்ள றப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

கடைசியாகப் பூட்டும் வேலை. டிறம்மைத் திறந்தவுடன் உள்ளே இருக்கும் தூசை வாயால் ஊதுவதும், காற்றுப் பம்பால் அடிப்பதும் எல்லாக் கராஜிலும் காணும் காட்சி. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். அதன் நுண்ணிய நார் சுவாசப்பைக்குள் போய்த் தங்கி, பல வருடங்களின் பின் புற்றுநோயை உண்டாக்கும். எந்த லைனிங்கில் அது இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எல்லாவற்றிலும் இருப்பதாகவே எண்ணி நடவுங்கள். தூசைத் தண்ணீரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பொலித்தீன் பையில் கட்டிப் புதைத்துவிடுங்கள். எரிக்க வேண்டாம். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

புதிய லைனிங்கைப் பூட்ட முன் டிறம்மின் உட்சுவரில் வெண்கட்டியைத் தேய்த்து, சில்லைப் பூட்டி, பிறேக்கை மெதுவாகப் பிடித்தபடி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். லைனிங்கில் வெள்ளை எங்கே பட்டிருக்கிறதோ அங்கே மட்டும்தான் அது டிறம்மைத் தொடுகிறது. நடுவில் மட்டும் பட்டிருந்தால் அந்த மேட்டை ஈரமாக்கி அராவி, வெள்ளை பரவலாகப் படும்வரை திரும்பச் செய்யுங்கள். காமுக்கும் ஊசிக்கும் ஒரு துளி கிறீஸ் பூசலாம். அந்த விரலால் லைனிங்கைத் தொடவேண்டாம். மிதியை விட்டவுடன் சில்லு உரசாமல் சுற்ற வேண்டும்.

முதல் சில நாட்கள் பாரம் குறைவாக, மெதுவாகப் பிடித்து விட்டுப் பிடித்து ஓடுங்கள். லைனிங் டிறம்மோடு படிய அவ்வளவு காலம் எடுக்கும். வாய்க்காலையோ வெள்ளத்தையோ கடந்த பின் டிறம்முக்குள் தண்ணீர் நிற்கும், பிறேக் பிடிக்காது. மட்டமான இடத்தில் மெதுவாக ஓடியபடி சில தடவை மிதித்துக் காயவைத்த பிறகே கட்டில் ஏறுங்கள். உழவு முடிந்ததும் ஒரு முறை, அறுவடைக்கு முன் ஒரு முறை டிறம்மைத் திறந்து சேற்றைக் கழுவுங்கள்.

எமது கடன் படிவத்தில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறோம். பிறேக் வேலைக்குக் கடன் கேட்பவர் டிறம்மைத் திறந்து, பழைய லைனிங்கைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். மெக்கானிக் எழுதுகிற சீலையும் ஸ்பிறிங்கையும் வெட்டுகிற அதிகாரம் எனக்கில்லை. கால் முறிந்த பிள்ளை பத்து போட்டுக் கட்டியபடி நாலு கிழமை வீட்டில் இருந்தான். அந்தப் பெட்டி இரண்டு புதுச் சீலோடும், பழைய சூவில் றிவெற் அடித்த லைனிங்கோடும் திரும்ப ஓடத் தொடங்கியிருக்கிறது. தகப்பன் அந்தக் குளக்கட்டில் ஏற முன் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மறுபக்கம் போய்த்தான் ஏற்றுகிறார்.